கொஞ்சம் என்டர் தட்டுங்க, ஸார்!

மணப்பட்டுப் பக்கம் ஒரு கல்யாண ஃப்ளெக்ஸ் பேனர். கூலிங் கிளாஸ் போட்ட மாப்பிள்ளை, வெட்கப்படும் பெண், சுற்றிலும் தபால்தலை சைஸில் நாற்பது நண்பர்கள். மேலே கொட்டை எழுத்தில் முதல் வரி: ‘எங்கள் இல்லத் திருமணத்திற்கு வரு’. அதற்குக் கீழே இரண்டாவது வரி: ‘கை தரும் உள்ளங்களே, வணக்கம்!’

கை தரும் உள்ளங்கள்! மொய் எழுதுகிற கையைத்தான் இவ்வளவு நாசூக்காகச் சொல்கிறார்களோ என்று ஊரே சிரித்தது. பேனர் அடித்தவரைக் கேட்டால் அசராமல் பதில் சொன்னார்: ‘‘பத்தடி அகலம்தான் சார். இடம் முடிஞ்சுது, அடுத்த லைனுக்குத் தள்ளிட்டேன்.’’

அவர் பேரில் தப்பே இல்லை. எழுத்து என்ற ஒன்று வந்த நாளிலிருந்து மனுஷன் இரண்டே காரணத்துக்காகத்தான் வரியை உடைக்கிறான். ஒன்று, இடம் முடிந்தது. இன்னொன்று, அர்த்தம் முடிந்தது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கல்யாண பேனரில் சிரிப்பு. கம்ப்யூட்டர் புரோகிராமில் சில சமயம் சம்பளத்தில் கை வைக்கிற சமாசாரம்.

‘‘புரோகிராம் எல்லாம் சென்னையில, பெங்களூர்ல ஐ.டி. கம்பெனிப் பசங்க எழுதுறது. நாம ஆபீஸ்ல எக்ஸெல் தட்டுற ஆளு. நமக்கெதுக்கு?’’ என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். எக்ஸெல் கட்டத்தில் ‘=’ போட்டு நீங்கள் எழுதுகிற ஃபார்முலாவும் ஒரு புரோகிராம்தான். ‘இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்’ என்று மெஷினுக்குக் கட்டளை போடுகிறீர்களே, அப்புறம் என்ன? நீங்களும் புரோகிராமர்தான் ஸார். சம்பளம்தான் அந்த ரேஞ்சுக்கு வரவில்லை!

அறுநூறு ரூபாய் அடைப்புக்குறி

எனக்குத் தெரிந்த மணப்பட்டுத் தம்பி ஒருத்தர். பி.காம். தினமும் பஸ் பிடித்துப் போய் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்க்கிறார். கம்பெனி பெயர் நமக்கு வேண்டாம். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் வேலையை விட்டுப் போகும்போது டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார். ஒரு எக்ஸெல் ஃபைலை விட்டுவிட்டுப் போனார். ‘‘அதைத் தொடாத. பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு. பேரை மட்டும் மாத்து’’ என்பது மானேஜர் உத்தரவு.

ஒரு நாள் நைட் ஷிப்ட் தொழிலாளி ஒருவர் சம்பளச் சீட்டோடு வந்து நின்றார்.

‘‘தம்பி, நான் இந்த மாசம் 26 நாளும் வந்தேன். அதுல 12 நைட்டு. ஊக்கத்தொகை ஆயிரம்னு போட்டிருக்கு. பக்கத்து மெஷின்காரன் 20 நாள்தான் வந்தான், அதுல 10 நைட்டு. அவனுக்கு 600 போட்டிருக்கு. அது நைட்டுக் காசுன்னா, என் நைட்டுக் காசு எங்கப்பா போச்சு?’’

கம்பெனி விதி எளிமையானது. மாதம் 26 நாள் வந்தால் ஆயிரம் ரூபாய். 24 நாளாவது வந்தால் 500. அதற்கும் கீழே என்றால் ஒன்றும் கிடையாது. இது தவிர, 10 நைட் ஷிப்ட் பார்த்த எல்லோருக்கும் தனியாக 600. பி2 கட்டத்தில் வந்த நாள், சி2 கட்டத்தில் நைட் கணக்கு. முன்னவர் விட்டுப் போன ஃபார்முலாவைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்:

=இஃப்(பி2>=26,1000,இஃப்(பி2>=24,500,0+இஃப்(சி2>=10,600,0)))

பார்த்தீர்களா? 26 இருக்கிறது, 1000 இருக்கிறது, 24, 500, 10, 600 எல்லாம் இருக்கிறது. எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது? தம்பிக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டு நாள் அதையே முறைத்துப் பார்த்தார். கண் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் எரிச்சலில் ஒவ்வொரு கமாவுக்கும் ஒரு தட்டு தட்டி, வரி வரியாகப் பிரித்துப் போட்டார்:

=இஃப்(பி2>=26,
      1000,
      இஃப்(பி2>=24,
            500,
            0+இஃப்(சி2>=10,
                  600,
                  0)))

அவ்வளவுதான். குட்டு வெளிப்பட்டது! நைட் காசு 600 எங்கே உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். எல்லோருக்கும் பொதுவாக வாசலில் இருக்க வேண்டியது, உள்ளே, அதற்கும் உள்ளே, ‘24 நாள்கூட வராதவர்’ என்கிற கடைசி அறையில் போய்ப் படுத்திருக்கிறது. அதாவது, லீவு போட்டவருக்கு நைட் காசு உண்டு. ஒழுங்காக வந்தவருக்குக் கிடையாது! இரண்டே இரண்டு அடைப்புக்குறி இடம் மாறியதால் வந்த வினை. திருத்தியபின் இப்படி ஆனது:

=இஃப்(பி2>=26, 1000,
  இஃப்(பி2>=24, 500, 0))
+ இஃப்(சி2>=10, 600, 0)

இப்போது ‘+’ தனியாக, வாசலில் நிற்கிறது. முதல் இரண்டு வரி வருகைக்கு. மூன்றாவது வரி நைட்டுக்கு. கணக்குத் தெரியாதவர்கூடப் புரிந்துகொள்ளலாம்.

பழைய சீட்டுகளைத் துருவினால், பதினோரு பேருக்கு மூன்று மாதமாக இதே கதி. 11 பெருக்கல் 600 பெருக்கல் 3. ஆக 19,800 ரூபாய். நல்ல வேளை, அடுத்த மாதச் சம்பளத்தோடு பாக்கியைச் சேர்த்துக் கொடுத்தார்கள். இதில் எனக்கு உறைத்தது தொகை அல்ல. அந்தத் தொழிலாளிகள் முதல் மாதமே கேட்டிருக்கிறார்கள். அப்போது கிடைத்த பதில்: ‘‘கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. தப்பாவாது.’’

கம்ப்யூட்டர் தப்புப் போடவில்லைதான். சொன்னதை அப்படியே செய்தது. என்ன சொல்லியிருக்கிறோம் என்று மனுஷனால் படிக்க முடியவில்லை. அங்கேதான் கோளாறு.

ஏட்டிலேயே இருந்த தலைவலி

வரியை எங்கே உடைப்பது என்கிற பிரச்னை கம்ப்யூட்டரோடு வந்தது என்று நினைத்தால் அது தப்பு. மணப்பட்டிலிருந்து சில கிலோமீட்டரில் பாகூர். 9-ம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், அங்கே ஒரு வித்யாஸ்தானம், அதாவது உயர்கல்விச் சாலை இருந்தது. அதற்கு மூன்று ஊர்களை மானியமாகக் கொடுத்த விவரத்தைச் சொல்பவை புகழ்பெற்ற பாகூர்ச் செப்பேடுகள். வடமொழியும் தமிழும் கலந்த சாசனம் அது.

பழைய செப்பேடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தகட்டின் ஓரம் வந்ததா, வரி முடிந்தது. பாதி வார்த்தையில் நின்றாலும் கவலையில்லை, மீதி அடுத்த வரியில். நம்ம பேனர்காரர் கட்சிதான்! ஆனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. செம்பு விலை அப்படி. ஓலைச்சுவடியிலும் இதே கதை. ஓலையின் நீளம் எவ்வளவோ அவ்வளவு வரி. வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி கிடையாது. பத்தி கிடையாது. எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளிகூட வைக்காமல் விட்டவர்கள் உண்டு.

உ.வே. சாமிநாதையர் 1887-ல் ‘சீவக சிந்தாமணி’யைப் பதிப்பிக்கப் பட்ட பாடு ஊரறிந்தது. சுவடியில் மூலப் பாட்டு எது, நச்சினார்க்கினியர் உரை எது, உரைக்கு நடுவே வரும் மேற்கோள் எது என்று எல்லாம் ஒரே ஓட்டம். அவர் செய்த பெரிய வேலைகளில் ஒன்று, இன்றைய பாஷையில் சொன்னால், சரியான இடத்தில் ‘என்டர்’ தட்டியது!

நன்னூல் படித்தவர்களுக்குப் ‘பொதுமொழி’ ஞாபகம் இருக்கும். ‘தாமரை’ என்றால் பூ. ‘தா, மரை’ என்று பிரித்தால் தாவுகிற மான். ‘எட்டு’ என்றால் எண். ‘எள், து’ என்று பிரித்தால் எள்ளைச் சாப்பிடு. பிரிக்கிற இடம் மாறினால் பூவே மானாகிறது! இலக்கணத்தில் இது ரசிக்கத்தக்க விஷயம். சம்பள ஷீட்டில் ரசிக்க முடியாது.

இன்னொருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். மர்ரே எஸ். ராஜம். சென்னையில் மர்ரே அண்ட் கம்பெனி என்கிற ஏல நிறுவனத்தை நடத்தியவர். அந்த வியாபாரி 1950-களில் அறிஞர்களைக் கூட்டி உட்கார வைத்து, பழந்தமிழ் இலக்கியங்களைச் சந்தி பிரித்து, நிறுத்தக்குறி போட்டு, மலிவு விலையில் அச்சிட்டார். பாட்டின் பொருள் மாறவில்லை. படிக்கிறவர்களின் எண்ணிக்கைதான் மாறியது. பண்டிதர்கள் மட்டும் படித்ததை, பள்ளிக்கூடம் தாண்டியவர்களும் எடுத்துப் படிக்க முடிந்தது. காமர்ஸ் படித்தவன் என்கிற முறையில் எனக்கு இதில் ஒரு தனிப் பெருமை!

80 என்கிற மாய எண்

கம்ப்யூட்டர் உலகத்திலும் முதலில் ஜெயித்தது ‘இடம் முடிஞ்சுது’ கட்சிதான். ஐ.பி.எம். கம்பெனி 1928-ல் ஒரு துளை அட்டை கொண்டு வந்தது. அதில் 80 பத்திகள். ஒரு பத்தியில் ஒரு எழுத்து. ஆக ஒரு அட்டையில் 80 எழுத்து, ஒரு அட்டை ஒரு வரி. 1957-ல் ஃபார்ட்ரான் மொழி வந்தபோது, அட்டையின் 7-ம் பத்தியிலிருந்து 72 வரைதான் கட்டளை எழுதலாம் என்று விதி. கட்டளை நீண்டுவிட்டால்? அடுத்த அட்டையில் 6-ம் பத்தியில் ஒரு குறி போட வேண்டும். ‘முந்தைய அட்டையின் பேச்சு இன்னும் முடியவில்லை’ என்று அர்த்தம். 73 முதல் 80 வரை வரிசை எண்ணுக்கு. கை தவறி அட்டைக் கட்டு கீழே கொட்டினால் மறுபடி அடுக்க வேண்டுமே!

அட்டை போய் டெர்மினல் வந்தது. 1978-ல் வந்த வி.டி.100 டெர்மினலிலும் 80 எழுத்து அகலம். 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் திரையிலும் 80 எழுத்து. இன்றைக்கு சினிமாஸ்கோப் சைஸ் மானிட்டர் வந்த பிறகும் அந்த 80 முழுசாக ஒழியவில்லை. பைத்தான் மொழிக்காரர்கள் 2001-ல் எழுதிய நடை விதியில் வரிக்கு 79 எழுத்து என்று கோடு கிழித்தார்கள். லினக்ஸ் காரர்களின் சோதனைக் கருவி, 80-ஐத் தாண்டினால் எச்சரித்துக்கொண்டிருந்தது. 2020-ல் லினஸ் டோர்வால்ட்ஸ், வரி நீளத்துக்காக அபத்தமான இடத்தில் உடைப்பதைவிடக் கொஞ்சம் நீளமாக விடுவதே மேல் என்று வாதாடினார். எச்சரிக்கை எல்லை 100 ஆனது.

தாத்தா தைத்த சட்டை அளவிலேயே பேரனும் தைத்துக்கொள்வது போல இருக்கிறதே என்று சிரிக்கலாம். ஆனால் குறுகிய வரியில் ஒரு சௌகரியம் இருக்கிறது. இந்தப் பத்திரிகைப் பக்கத்தையே பாருங்கள். ஏன் பத்தி பத்தியாக அச்சடிக்கிறார்கள்? வரி ரொம்ப நீண்டால், வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்குத் திரும்பும் கண் வழி தவறி, படித்த வரியையே மறுபடி படிக்கும். நியூஸ் பேப்பர்காரர்களுக்கு எப்போதோ தெரிந்த ரகசியம் இது.

ஆப்பிளில் விழுந்த புழு

‘வரி வரியாகப் பிரித்துவிட்டால் தப்பே வராது, அப்படித்தானே?’ என்றால், அதுதான் இல்லை. வரி பொய்யும் சொல்லும்.

2014 பிப்ரவரி. ஆப்பிள் கம்பெனி ஐபோனுக்கு அவசர அவசரமாக ஒரு திருத்தம் அனுப்பியது. விஷயம் என்னவென்றால், நீங்கள் ஒரு பாங்க் தளத்தோடு ரகசியமாகப் பேசும்போது, எதிரில் இருப்பது நிஜமாகவே அந்த பாங்க்தானா என்று போன் கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டும். அந்தச் சோதனை நடக்காமலே ‘பாஸ்’ ஆகிக்கொண்டிருந்தது! காரணம், புரோகிராமில் ஒரு வரி இரண்டு தடவை இருந்தது. தமிழ் எழுத்தில், சுருக்கமாக:

இஃப் (தவறு != 0)
    கோட்டு ஃபெயில்;
    கோட்டு ஃபெயில்;

‘தவறு இருந்தால் தோல்விக் கட்டத்துக்குப் போ’ என்பது கட்டளை. பார்வைக்கு இரண்டு வரியும் ‘இஃப்’புக்குக் கீழே, உள்ளே தள்ளி, சமர்த்தாக நிற்கின்றன. ஆனால் இது சி மொழி. சி மொழிக்கு வரியும் தெரியாது, இடைவெளியும் தெரியாது. அடைப்புக்குறி இல்லையென்றால் ‘இஃப்’புக்குக் கட்டுப்பட்டது முதல் கட்டளை மட்டும்தான். இரண்டாவது, தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும். ஓடி, மீதிச் சோதனையை எல்லாம் தாண்டிக் குதித்து, வெளியே போய்விடும். அதுவரை தவறு எதுவும் பதிவாகவில்லை என்பதால் ‘எல்லாம் சரி’ என்று பதில் வேறு!

கண்ணுக்கு ஒன்று, மெஷினுக்கு ஒன்று. ஒரே கடையில் இரண்டு கணக்கு நோட்டு வைத்த மாதிரி. கண் பார்க்கிற வரியும் மெஷின் படிக்கிற அர்த்தமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாத வரி, வரியே இல்லாததைவிட ஆபத்து. ஏனென்றால் நாம் அதை நம்பிவிடுகிறோம்.

இதற்குத்தான் 1991-ல் கைடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான் மொழியில் ஒரு கெடுபிடி. வரி எவ்வளவு உள்ளே தள்ளி இருக்கிறதோ, அதுவே அர்த்தம். கண் பார்ப்பதைத்தான் மெஷினும் பார்க்கும். ‘எழில்’ என்று தமிழிலேயே புரோகிராம் எழுத ஒரு மொழி இருக்கிறது. முத்தையா அண்ணாமலை உருவாக்கியது. அதில் ஒவ்வொரு பகுதியும் முடிகிற இடத்தில் ‘முடி’ என்று எழுத வேண்டும். எங்கே முடிகிறது என்பதில் சந்தேகமே வராது.

ஜாவாஸ்கிரிப்ட் இன்னொரு ரகம். நாம் செமிகோலன் போட மறந்தால், சில இடங்களில் தானே போட்டுக்கொள்ளும் உபகாரி. ‘ரிட்டர்ன்’ என்று எழுதிவிட்டு என்டர் தட்டி, திருப்பித் தர வேண்டிய தொகையை அடுத்த வரியில் எழுதினால், ‘ரிட்டர்ன்’ முடிந்தது என்று அங்கேயே புள்ளி வைத்துவிடும். வெறுங்கையோடு திரும்பி வரும். ‘‘கடைக்குப் போய்ட்டு வா’’ என்றதுமே சாமான் லிஸ்ட்டைக் கேட்காமல் ஓடிப்போகிற பையன் மாதிரி!

சரி, எங்கேதான் உடைப்பது?

ரொம்பக் குழம்ப வேண்டாம். நாலே நாலு விஷயம்.

ஒன்று: ஒரு வரிக்கு ஒரு சேதி. ‘26 நாள் வந்தால் ஆயிரம்’ என்பது ஒரு சேதி. ‘10 நைட் பார்த்தால் 600’ என்பது இன்னொரு சேதி. இரண்டையும் ஒரே வரியில் திணிக்காதீர்கள். பேச்சில் எங்கே மூச்சு வாங்குவீர்களோ, அங்கே என்டர்.

இரண்டு: கூட்டல், கழித்தல் குறி வரியின் தலையில் வரட்டும், வாலில் வேண்டாம். இப்படி:

சம்பளம் = (அடிப்படை
         + பஞ்சப்படி
         + பயணப்படி
         - பி.எஃப்.
         - முன்பணம்)

பைத்தான் நடை விதியில் இதைப் பற்றி நிறைய விவாதித்துவிட்டு, குறிக்கு முன்னால் உடைப்பதே படிக்கச் சுலபம் என்கிறார்கள். கணிதப் புத்தகங்களில் அப்படித்தான் என்று டொனால்ட் நூத்தை சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். அட, பி.காம். முதல் வருஷப் பையனைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பானே! ‘கூட்டுக’, ‘கழிக்க’ என்பதை நாம் காலங்காலமாக வரியின் ஆரம்பத்தில்தானே எழுதுகிறோம்? இடது ஓரமாகக் கண்ணை மேலிருந்து கீழே ஓட்டினால் போதும், எது கூடுகிறது, எது கழிகிறது என்று பளிச்சென்று தெரியும்.

மூன்று: ஒரு வேலை முடிந்து அடுத்த வேலை ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு வெற்று வரி விடுங்கள். வருகையைக் கணக்கிட்டாயிற்று, இனிமேல் பிடித்தம். நடுவில் ஒரு காலி வரி. கட்டுரைக்குப் பத்தி மாதிரி.

நான்கு: பட்டியல் என்றால் வரிக்கு ஒன்று. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2005-லிருந்து புழங்கும் கிட் போன்ற கருவிகள், நேற்றைய புரோகிராமுக்கும் இன்றைய புரோகிராமுக்கும் உள்ள வித்தியாசத்தை வரி வரியாகத்தான் ஒப்பிட்டுக் காட்டும். பத்து சமாசாரத்தை ஒரே வரியில் எழுதி, அதில் ஒன்றை மாற்றினால், ‘இந்த நீள வரி மாறியது’ என்று காட்டும். உள்ளே எது மாறியது என்று நீங்கள்தான் தேட வேண்டும். வரிக்கு ஒன்றாக எழுதினால், மாறிய அந்த ஒரு வரி மட்டும் தனியாகத் தெரியும். ஆடிட்டர் வந்து விரலை நேராக அந்த எண்ணிட்ட வரியிலேயே வைக்கிற மாதிரி.

அளவுக்கு மிஞ்சினால் புதுக்கவிதை

படித்த உற்சாகத்தில் சிலர் வார்த்தைக்கு வார்த்தை என்டர் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.

சம்பளம்
=
அடிப்படை
+
படி

இது புரோகிராம் அல்ல. காதலில் தோற்றவர் டைரியில் எழுதும் புதுக்கவிதை! உடைப்பது நோக்கமல்ல. ஒன்றாக இருக்க வேண்டியவை ஒன்றாகவும், பிரிய வேண்டியவை பிரிந்தும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எதிர்க்கோடியிலும் ஆட்கள் உண்டு. 1984-ல், சி மொழியில் யாருக்கும் புரியாதபடி புரோகிராம் எழுத ஒரு சர்வதேசப் போட்டியே ஆரம்பித்தார்கள். கிறுக்கல் மாதிரி இருக்கும், ஆனால் ஜம்மென்று ஓடும். அங்கே பரிசு கிடைக்கும். ஆபீஸில் எழுதினால் உங்களுக்கு அடுத்து வருகிறவரின் சாபம்தான் கிடைக்கும்.

‘நமக்கு இதெல்லாம் எதுக்கு, மெஷினே உடைச்சுத் தராதா?’ என்றால், தரும். 2009-ல் வெளியான கோ மொழியோடு ‘கோஃபம்ட்’ என்று ஒரு கருவி உண்டு. எப்படி எழுதினாலும் ஒரே சீராக அடுக்கிக் கொடுத்துவிடும். ஜாவாஸ்கிரிப்டுக்கு ‘ப்ரெட்டியர்’, பைத்தானுக்கு ‘பிளாக்’. வரி எங்கே என்று ஆபீஸில் நடந்த குடுமிப்பிடிச் சண்டைகளில் பாதி இதனாலேயே ஓய்ந்தது. ஆனால் இவற்றால் நீங்கள் எழுதியதைத்தான் அடுக்க முடியும். நைட் காசு லீவு போட்டவருக்கா, வேலைக்கு வந்தவருக்கா என்பது அதற்குத் தெரியாது. அடுக்கிக் காட்டிய பிறகு, ‘இது நியாயமா?’ என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

இப்போது ஏ.ஐ.யிடம் சொன்னால் ஃபார்முலாவையே எழுதிக் கொடுத்துவிடுகிறது. சந்தோஷம். அதைக் காப்பி அடித்துக் கட்டத்தில் ஒட்டுவதற்கு முன்னால் வரி வரியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். படியுங்கள். புரிந்தால் ஒட்டுங்கள். சம்பளச் சீட்டில் குறைந்த காசைக் கேட்டு ஒருவர் வந்து நிற்கும்போது, ‘ஏ.ஐ. போட்ட கணக்கு’ என்று சொல்லி அனுப்பினால், ‘கம்ப்யூட்டர் போட்ட கணக்கு’ என்று சொன்ன பழைய கதைதான்.

இன்றைக்கே ஒரு வேலை

கடைசியாக, கை வேலை. எக்ஸெல்லில் ஃபார்முலா உள்ள கட்டத்தில் வெறும் என்டர் தட்டினால் கர்சர் அடுத்த கட்டத்துக்கு ஓடிவிடும். ‘ஆல்ட்’ பட்டனை அழுத்திக்கொண்டு என்டர் தட்டுங்கள். ஃபார்முலா அங்கே உடைந்து அடுத்த வரிக்கு வரும். ஸ்பேஸ் பார் தட்டி உள்ளே தள்ளியும் வைக்கலாம். விடை ஒரு பைசா மாறாது. இரண்டு எச்சரிக்கை மட்டும்: ஒரு பெயருக்கோ எண்ணுக்கோ நடுவிலும், மேற்கோள் குறிக்குள்ளும் தட்டாதீர்கள், ‘இஃப்’புக்கும் அதன் அடைப்புக்குறிக்கும் நடுவிலும் வேண்டாம். மேலே ஃபார்முலா தெரிகிற பட்டை குறுகலாக இருந்தால் ‘கன்ட்ரோல், ஷிப்ட், யு’ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், அகலமாக விரியும். மேக்ரோ எழுதுகிறவர்கள், வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு அடிக்கோடு போட்டால், கட்டளை அடுத்த வரியில் தொடரும்.

உங்கள் ஆபீஸிலும் யாரோ விட்டுப் போன ஒரு ஃபைல் இருக்கும். ‘தொடாதே, ஓடுது’ என்று எல்லோரும் கும்பிட்டுவிட்டுப் போகிற ஃபைல். நாளைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம், ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொண்டு, அதிலே இருப்பதில் மிக நீளமான ஃபார்முலாவைப் பிடியுங்கள். ஆல்ட், என்டர். ஆல்ட், என்டர். ஒன்றும் கிடைக்காவிட்டால் ஆபீஸில் உங்களுக்கு ஒருவருக்காவது அந்த ஃபைல் புரியும். கிடைத்தால், யாரோ ஒருவருக்கு நைட்டுக் காசு வந்து சேரும்.

மானேஜர் பார்த்துவிட்டு, ‘‘என்னய்யா பண்றே?’’ என்று கேட்டால், ‘‘சந்தி பிரிக்கிறேன் ஸார்’’ என்று சொல்லுங்கள். அவரும் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவர்தானே!